மலையடிவாரத்து இளவட்டங்கள் கேட்டவை: தடுப்பூசி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம் பள்ளத்தாக்கு முடிந்து மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், கூடலூருக்கும் லோயர் கேம்ப்புக்கும் நடுவில் உள்ள ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். விடிவதற்கு முன்பே ஜீப் பிடித்து வண்டன்மேடு, சக்குபள்ளம் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள், குமுளிக் கடைகளில் நிற்கிற பையன்கள், கேரளத்தில் நர்சிங் படிக்கிற பெண்கள், தேனிக்குக் கல்லூரி பஸ் ஏறுகிறவர்கள் என்று எங்கள் பக்கம் இளவட்டங்கள் அதிகம். கைக்குழந்தைக்கு ஊசி போட வேண்டுமென்றால் தாய்மார்கள் புதன்கிழமை காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். 18 வயது தாண்டியவர்களை வரவைப்பதுதான் பெரும்பாடு. அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன். அந்தந்த நேரத்தில் சொல்ல வராமல் பிறகு யோசித்ததையும் சேர்த்திருக்கிறேன்.

சின்ன வயசுலயே எல்லா ஊசியும் போட்டாச்சு. இப்ப எனக்கு என்ன ஊசி இருக்கு?

நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. ரண ஜன்னிக்கும் (டெட்டனஸ்) தொண்டை அடைப்பானுக்கும் (டிப்தீரியா) சேர்த்துப் போடும் ஊசியின் பலம் காலப்போக்கில் குறையும். பத்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அரிவாளும் முள்ளும் மண்ணுமாக வேலை செய்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. தொண்டை அடைப்பான் பழைய காலத்து நோய் என்று நினைக்காதீர்கள். 2015, 2016-ல் மலப்புரம் மாவட்டத்தில் அது திரும்பி வந்து, ஊசி போடாத பிள்ளைகள் இறந்துபோனார்கள்.

மஞ்சள் காமாலையில் ஹெபடைட்டிஸ் பி என்ற வகைக்கான ஊசி நாடு முழுவதும் குழந்தைகள் அட்டவணைக்கு வந்தது 2011-ல்தான். அதற்கு முன் பிறந்த உங்களில் பலருக்கு அது விட்டுப்போயிருக்கலாம். நர்சிங், லேப் டெக்னீசியன் படிப்புக்குப் போகிறவர்கள் முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணையும் போட்டு முடிக்காமல் வார்டில் கால் வைக்கக் கூடாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுவதுதான் சிறந்தது. அப்போது விட்டவர்கள் 26 வயது வரை போட்டுக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு முன், கருவிலிருக்கும் பிள்ளையைப் பாதிக்கும் ருபெல்லா அம்மைக்கான ஊசி போட்டோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதைப் போட்ட பிறகு ஒரு மாதமாவது கருத்தரிக்கக் கூடாது.

நான் யார் பேச்சையும் கேட்டு முடிவு எடுக்கறதில்லை. நானே யோசிச்சுத்தான் வேண்டாம்னு சொல்றேன். அது என் உரிமைதானே?

உரிமைதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் "நானே யோசித்தேன்" என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியல் அறிஞர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார். ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளம் இந்த மூன்றில் எதற்குச் சமம் என்று சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைகூடச் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் ஆஷின் ஆட்கள். அவர்கள் வரிசையாக ஒரே தவறான பதிலைச் சொல்வார்கள். கடைசியில் அந்த ஒருவரின் முறை வரும். மொத்தப் பதில்களில் மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு ஒத்துப்போன தவறான பதில். சோதனைக்கு வந்த நான்கு பேரில் மூன்று பேர் ஒருமுறையாவது அப்படி விட்டுக்கொடுத்தார்கள். கண் முன்னால் இருக்கிற கோட்டுக்கே இந்தக் கதி. ஊசி உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை நாம் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. அப்படியென்றால் கூட இருப்பவர்கள் சொல்வது எவ்வளவு தூரம் உள்ளே இறங்கும்!

அந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் போதும். ஒத்துப்போகிறவர்களின் எண்ணிக்கை மளமளவென்று விழுந்துவிட்டது. பத்துப் பேர் தேவைப்படவில்லை.

இதைக் கேட்டு யாரும் கூனிக்குறுக வேண்டியதில்லை. மனிதர்கள் இப்படித்தான் வாழ்கிறார்கள். எந்தத் தோட்டத்தில் கூலி ஒழுங்காக வரும், எந்த ஓடைத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்பதையெல்லாம் கூட இருப்பவர்களைப் பார்த்துத்தானே தெரிந்துகொள்கிறோம்? ஊசி விஷயத்திலும் அதே பழக்கம்தான் வேலை செய்கிறது.

எங்க செட்டுல ஒருத்தர்கூடப் போடலை. நான் மட்டும் போட்டு என்ன ஆகப்போகுது?

"ஒருத்தர்கூட" என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டீர்களா?

2021 கொரோனா காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து மலைக்குப் போகும் ஒரு ஜீப்பில் பதினொரு பேர். பாதிப் பேர் முப்பது வயதுக்குக் கீழே. அந்த ஜீப்பில் யாரும் ஊசி போடவில்லை, போடவும் மாட்டார்கள் என்று ஊரே சொன்னது. இரண்டு பேர் தினமும் காலையில் அதையேதான் பேசிக்கொண்டு வருவார்களாம். ஊசி போட்டால் பிள்ளை தங்காது, நரம்பு இழுத்துக்கொள்ளும் என்று. நான் பதிவேட்டுக்காக வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டேன். பதினொரு பேரில் ஏழு பேர் ஏற்கெனவே முதல் தவணை போட்டிருந்தார்கள். ஒருத்தி கம்பத்தில் அம்மா வீட்டுக்குப் போனபோது. இரண்டு பேர் குமுளியில். ஒரு தம்பி தேனியில் மாமா வீட்டில். ஒருவருக்கொருவர் தெரியாது. ஏன் ஜீப்பில் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லாரும் வேண்டாம்னு பேசறப்ப நான் மட்டும் எப்படிக்கா வாயத் திறக்கிறது" என்றாள் அந்தப் பெண். "எல்லாரும்" என்று அவள் சொன்னது உண்மையில் இரண்டு பேரை.

போட்டவர்கள் பேசுவதில்லை. கை வலித்தது, ஒரு நாள் காய்ச்சல் அடித்தது, சரியாகிவிட்டது. அதில் சொல்ல என்ன இருக்கிறது? போடாதவர்களுக்குத்தான் சொல்வதற்குக் கதை இருக்கிறது. இப்படி ஒரு பக்கம் மட்டுமே காதில் விழ விழ, ஊரே ஊசிக்கு எதிராக நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. அந்தப் பெண் பிறகு ஒருநாள் ஜீப்பில் தானாகவே சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் மீதி நான்கு பேரில் இரண்டு பேர் வந்தார்கள். என்னுடைய பத்து வருட மேடைப் பேச்சு இதைச் செய்ததில்லை.

நடிகர் விவேக் ஊசி போட்டு ரெண்டே நாள்ல இறந்துட்டாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?

இந்தக் கேள்வி இன்னமும் வருகிறது. கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வாரம் நானே கலங்கிப்போனேன்.

2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் அவர் எல்லோர் முன்னிலையிலும் ஊசி போட்டுக்கொண்டார். மக்கள் பயப்படாமல் வர வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி அதிகாலை காலமானார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான குழாயில் முழு அடைப்பு இருந்தது. அப்படிப்பட்ட அடைப்பு ஒரே நாளில் உருவாவதில்லை. ஊசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு பிறகு விசாரித்து, மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று சொன்னது. அந்த முடிவு வெளியே வந்தபோது அக்டோபர் ஆகியிருந்தது. மரணச் செய்தி ஒரு மணி நேரத்தில் ஊரெல்லாம் பரவியது. விசாரணை முடிவு எத்தனை பேர் காதுக்குப் போயிருக்கும்?

இது நடந்தது, அப்புறம் அது நடந்தது, ஆகவே இதனால்தான் அது என்று மனம் சட்டென்று முடிச்சுப் போட்டுவிடும். கோடிக்கணக்கான பேருக்கு ஊசி போடும்போது, ஊசி இல்லாவிட்டாலும் அந்த வாரம் மாரடைப்பு வந்திருக்கக்கூடியவர்கள் சிலர் அதில் இருக்கத்தான் செய்வார்கள். ஒருவரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜிம்முல, கிரவுண்டுல சின்ன வயசுப் பசங்க பொத்துனு விழுந்து செத்துப்போறாங்களே? அது கொரோனா ஊசியாலதான்னு சொல்றாங்க.

இதைத்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. நாடு முழுவதும் 47 மருத்துவமனைகளிலிருந்து, 2021 அக்டோபருக்கும் 2023 மார்ச்சுக்கும் இடையில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த 18 முதல் 45 வயதுக்காரர்கள் 729 பேரை எடுத்துக்கொண்டார்கள். அதே வயது, அதே பகுதியைச் சேர்ந்த 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். கொரோனா ஊசி திடீர் மரண வாய்ப்பைக் கூட்டவில்லை. இரண்டு தவணையும் போட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவாகவே இருந்தது. கூட்டியவை எவை தெரியுமா? கொரோனா முற்றி மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் யாராவது அப்படித் திடீரென்று இறந்திருப்பது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் மட்டுமீறிக் குடித்தது அல்லது கடுமையாக உடலை வருத்தியது, போதைப்பொருள். அப்பா, சித்தப்பா யாராவது சின்ன வயதில் நெஞ்சு வலியில் போயிருந்தால் ஜிம்முக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

கோவிஷீல்டு ரத்தத்தை உறைய வைக்கும்னு கம்பெனியே ஒத்துக்கிட்டாங்களே?

ஆமாம், மிக அரிதாக அப்படி நடக்கலாம். 2024-ல் இங்கிலாந்து நீதிமன்ற ஆவணம் ஒன்று செய்தியானபோது பலர் பதறிப்போய் என்னிடம் வந்தார்கள். ஆனால் இது புதிதாகத் தெரியவந்த விஷயமில்லை. 2021-லேயே மருத்துவ உலகம் வெளிப்படையாகப் பேசியதுதான். அந்த ரத்த உறைவு ஊசி போட்ட முதல் சில வாரங்களுக்குள் வருவது. எப்போதோ போட்ட ஊசியை நினைத்து இப்போது தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாட்ஸ்அப்ல வர்றது எல்லாமே பொய்யா?

எல்லாமே பொய் இல்லை, அதுதான் சிக்கல். பாதி உண்மையோடு வருவதுதான் அதிகம் ஏமாற்றும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் போட்டோம். அப்போதுதான் வாட்ஸ்அப் வழியாக வதந்தி என்றால் என்ன என்று முதன்முதலில் பார்த்தேன். காலையில் ஒரு குரல் பதிவு வரும். மத்தியானம் பெற்றோர் பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதே ஆண்டு கேரளத்திலும் இதே முகாமுக்கு இதே வதந்திகள் மலையாளத்தில் சுற்றின. மொழிதான் வேறு. "குத்திவைப்பு" என்று அவர்களும் "ஊசி" என்று நாமும் சொல்கிற ஒரே பொருளைப் பற்றிய ஒரே பொய், மெட்டு மலைப்பாதையில் ஜீப் இறங்குவதற்கு முன்பே கீழே இறங்கிவிட்டது.

அந்தக் குரல் பதிவுகளை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். "என் சித்தப்பா பொண்ணு பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸு, அவளே சொன்னா" என்று தொடங்கும். ஊர் பெயர் இருக்காது, ஆஸ்பத்திரி பெயர் இருக்காது, தேதி இருக்காது. ஆனால் ஒரு உறவு முறை கட்டாயம் இருக்கும். நாம் நம்புவது செய்தியை அல்ல, அந்தச் சித்தப்பா பெண்ணை. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய செய்திகளை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய்ச் செய்தியை மற்றவர்கள் பகிர்வதற்கான வாய்ப்பு 70 சதவீதம் அதிகமாக இருந்ததாம். பொய் புதிதாக இருக்கிறது, பயமுறுத்துகிறது, அதனால் கை தானாகப் பகிர்ந்துவிடுகிறது.

குழுவில் வந்தால் சண்டை போடாதீர்கள். "இது எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எந்த மாசம்?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. பதில் வராததை மற்றவர்களும் பார்ப்பார்கள்.

கவர்மென்டையும் மருந்து கம்பெனியையும் எப்படிக்கா நம்பறது? நம்மள வச்சு சோதனை பண்ணமாட்டாங்களா?

இந்தச் சந்தேகத்தை முட்டாள்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காரணம் இருக்கிறது.

2009-ல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் எச்.பி.வி. ஊசியை ஒரு ஆய்வுத் திட்டமாகச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். கம்மத்தில் மட்டும் ஏறத்தாழ 14,000 பேர். அவர்களில் பலர் பழங்குடி விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் வெவ்வேறு சமயங்களில் இறந்துபோக, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரித்தபோது ஒருத்தி கிணற்றில் மூழ்கியிருந்தாள், ஒருத்தியைப் பாம்பு கடித்திருந்தது, வேறு சில மரணங்களும் ஊசியோடு தொடர்பில்லாதவை என்று தெரிந்தது. ஆனால் அதே விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது. பெற்றோரிடம் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே பல ஒப்புதல் படிவங்களில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-ல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

ஊசியில் தப்பில்லை, கேட்ட முறையில் பெரும் தப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்வது எங்களைப் போன்றவர்களுக்கு எளிது. பெண்ணை இழந்த வீட்டில் யார் பிரித்துப் பார்ப்பார்கள்? அந்தப் பெண்களின் பெற்றோரிடம் உட்கார்ந்து பேசக் கூட நேரம் ஒதுக்காததன் விலையை, பின்னால் எத்தனையோ வருடம் புற்றுநோய் தடுப்பு ஊசி இல்லாமல் வளர்ந்த பெண்கள் கொடுத்தார்கள். 2022-ல்தான் செர்வாவாக் என்ற உள்நாட்டு ஊசி வந்து பேச்சு மறுபடி சூடுபிடித்தது. இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இரண்டாவது இடத்தில் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

ஆகவே கேள்வி கேளுங்கள். என்ன ஊசி, எதற்கு, என்ன பக்கவிளைவு வரலாம், வந்தால் யாரிடம் வர வேண்டும் என்று கேட்டு, பதில் கிடைத்த பிறகு கையை நீட்டுங்கள். கேள்வி கேட்டால் எரிந்து விழும் இடங்கள் உண்டு. நானும் பார்த்திருக்கிறேன். எச்.பி.வி. ஊசி கேட்டுப் போன எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியை ஒரு மருத்துவமனையில் "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இது எதுக்கு" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டு அனுப்பிவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். கல்யாணத்துக்கு முன்பே போடுவதில்தான் அந்த ஊசியின் முழுப் பலன் இருக்கிறது. அவள் மூன்று தவணையும் போட்டு முடிக்கும்வரை நான் கூடவே போனேன்.

வீட்டுல பாட்டி விடமாட்டேங்கிறாங்க. அம்மை நோய்க்கு ஊசி போட்டா சாமி குத்தம்னு சொல்றாங்க.

பாட்டியின் இடது கையைப் பாருங்கள். மேல்கையில் வட்டமாக ஒரு தழும்பு இருந்தால் அது என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் அம்மை குத்திய, அதாவது பெரியம்மைத் தடுப்பூசி போட்ட தழும்பு. பாட்டி வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுத்ததும் உண்மை, அம்மை குத்திக்கொண்டதும் உண்மை. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை யாருக்கும் வரவில்லை. 1980-ல் உலகத்திலிருந்தே போய்விட்டது என்று அறிவித்தார்கள். ஆத்தாளுக்கு நேர்ந்துகொள்வதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு நானும் போகிறவள்தான். பாட்டியிடம் வாதாடாமல் அந்தத் தழும்பின் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். பாதி வீடுகளில் அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

கட்டாயப்படுத்தினா எல்லாரும் போட்டுருவாங்களே? அதை ஏன் செய்யலை?

செய்து பார்த்திருக்கிறார்கள். நாம் ஏறிப் போகும் பீர்மேடு அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே 1879-ல் அரச ஆணை போட்டு, அரசு ஊழியர்கள், கைதிகள், மாணவர்கள் கட்டாயம் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள். நம் காலத்தில் 2021 ஆகஸ்ட் 5 முதல், கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் வர வேண்டுமென்றால் கொரோனா இல்லை என்ற பரிசோதனைச் சான்று, அல்லது இரண்டு தவணை ஊசிச் சான்று என்று விதி வந்தது. அந்த வாரம் எங்கள் பக்கம் ஊசிக்கு வந்த கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். ஆனால் அவர்கள் கேட்டது "சர்டிபிகேட் எப்ப வரும்?" என்பது மட்டும்தான். சோதனைச் சாவடி கெடுபிடி தளர்ந்ததும் அடுத்த தவணைக்கு ஆளைக் காணோம். சில அவசர காலங்களில் கட்டாயம் தேவைப்படலாம். அது கையை நீட்ட வைக்கும், மனதை மாற்றாது.

அதே வருடம் செப்டம்பர் 12-ல் தமிழ்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை மெகா முகாம்கள் தொடங்கின. சில வாரத்தில் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஞாயிறு கறி சாப்பிடுவார்கள், சிலர் குடிப்பார்கள், அதோடு ஊசி கூடாது என்று மக்கள் நினைக்கிறார்கள் என்பதே காரணம். கறி சாப்பிட்டுவிட்டு ஊசி போடலாம், அதில் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் மக்களோடு மல்லுக்கட்டாமல் கிழமையை மாற்றியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்கள் ஊருக்கு இன்னொரு வசதியும் சேர்ந்தது. சனி மாலை போட்டால் காய்ச்சல் ஞாயிறோடு போய்விடும், திங்கள் கூலி போகாது. "ஊசி வேண்டாம்" என்று சொன்ன பலர் உண்மையில் சொன்னது "ரெண்டு நாள் கூலி போயிரும்" என்பதைத்தான். அதைக் காது கொடுத்துக் கேட்க எனக்கே நாளாயிற்று.

ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வருது. பசங்க முன்னாடி விழுந்தா மானம் போயிரும்.

இளவயதில் இது சகஜம். திடகாத்திரமான பையன்களுக்கும் வரும். பயத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வரும் மயக்கம், ஊசி மருந்தால் அல்ல. ஒருவன் விழுந்தால் வரிசையில் அடுத்தடுத்து இரண்டு மூன்று பேர் விழுவதையும் கல்லூரி முகாம்களில் பார்த்திருக்கிறேன். அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டால் முகாம் அன்றோடு காலி. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படுக்க வைத்து, தனி அறையில் போடுவோம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், கால் தசைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த ஊசி போட்டாலும் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். அபூர்வமாக வரும் கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் அந்த அரை மணிக்குள்தான் தெரியும். அதற்கான மருந்து எங்கள் கையிலேயே இருக்கும்.

கேரளாவுல நாய்க்கடிக்கு ஊசி போட்டும் செத்துப்போனாங்களே? அப்புறம் எதுக்குப் போடணும்?

2022-ல் கேரளத்தில் ஊசி போட்ட சிலரும் இறந்தார்கள். அதில் இளவயதினரும் உண்டு. அந்தப் பயம் நியாயமானதுதான். ஊசி மருந்தைச் சோதித்துப் பார்த்ததில் தரத்தில் குறையில்லை என்று தெரிந்தது. முகம், கழுத்து, விரல் போன்ற நரம்பு நிறைந்த இடங்களில் ஆழமாகக் கடித்தால் கிருமி மூளைக்கு வேகமாகப் போய்விடும். ஊசி வேலை செய்யத் தொடங்குவதற்குச் சில நாட்கள் ஆகும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்கிறோம். ரத்தம் வரும் கடிக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

வெறிநாய்க்கடி நோய் (ரேபிஸ்) வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. ஆகவே தோட்டத்தில் கடித்தால் ஊருக்கு இறங்கும்வரை காத்திருக்காதீர்கள். முதல் ஊசியைக் குமுளியிலோ கட்டப்பனையிலோ போட்டுவிட்டு, சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் 3, 7, 28-ம் நாள் ஊசிகளைக் கம்பத்தில் தொடரலாம். அரசு மருத்துவமனைகளில் காசு கிடையாது. 28-ம் நாள் ஊசியை "அதான் நாய் நல்லாத்தானே இருக்கு" என்று கூட்டாளி சொல்லி விட்டவர்கள் நிறைய. அதை டாக்டர் சொல்லட்டும்.

என் ஃப்ரெண்டு போடவே மாட்டேங்கிறான். எப்படிப் பேசறது?

எப்படிப் பேசக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன். ஒரு முகாமில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் நண்பர்களோடு வந்து, ஊசியில் சிப் வைக்கிறார்களாமே என்று கேட்டான். நான் வேலைக் களைப்பில் இருந்தேன். "படிச்சவன்தானே நீ, இப்படிப் பேசலாமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது. ஐந்து பேரும் எழுந்து போனார்கள். ஒருவனுக்குத்தான் சந்தேகம் இருந்தது. நான் ஐந்து பேரை அனுப்பிவிட்டேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

தனியாக இருக்கும்போது பேசுங்கள். எதற்குப் பயப்படுகிறான் என்று கேட்டுவிட்டு, அவன் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பிறகு நீங்கள் போட்டுக்கொண்டதைச் சொல்லுங்கள். எங்கே போட்டீர்கள், எவ்வளவு வலித்தது, மறுநாள் எப்படி இருந்தது என்று. உங்களுக்கும் பயமாக இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். "வா, நான் கூட வர்றேன், முடிஞ்சதும் டீ குடிச்சிட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்கும்படி நட்பு மிச்சம் இருக்கட்டும்.

எங்க, எப்ப வரணும்?

புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். அட்டை தொலைந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, முதலிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். எச்.பி.வி. போன்றவை எங்கே கிடைக்கும் என்பதையும் அங்கேயே சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் இருக்கும்போது 1056-க்குப் போன் செய்யலாம். மலையாளம் வராது என்று தயங்க வேண்டாம். எல்லையோர மாவட்டங்களில் வீடு வீடாக வரும் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் பலருக்குத் தமிழ் தெரியும்.

ஜீப் இறங்கி வர நேரமாகும் என்று எனக்குத் தெரியும். ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். ஐஸ் பேக் வைத்த பெட்டியைச் சாயங்காலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். குமுளி தாண்டும்போதே எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால், பெட்டியோடு லோயர் கேம்ப் ஸ்டாப்பில் நிற்பேன்.